கூலிக்கு வரும் இன்னிசை

(இரண்டாம் ஆண்டுத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

ஓர் ஊராரின் உள்ளப் பாங்கை அறிய விரும்புவோர் அவ்வூர்ப் பள்ளிகளையும் பண்டசாலைகளையும் கண்டு மீளுதல் போதாது. மணவீட்டு வாயிலில் நின்று இசைப்போரை அவ்வூரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். விருந்தினரைப் போற்றுதல் எவர்க்கும் எளிது; இன்று நாம் போற்றினால் நாளை அவர் நம்மைப் போற்றுவர் என்னும் எண்ணம் அதனுள் மறைந்து கிடக்கும். கூலிக்கு வந்து களிப்பூட்டிச் செல்பவரைப் போற்றுதலோ கைம்மாறு கருதாத பண்பு. அப்பண்பு நம்மிடம் எவ்வளவில் உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயப் புகும் பொருள், விழாக்களுக்கு அமர்த்தப்பெறும் பாண்டு வாத்தியக் குழு.

விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் திருத்தங்கலும் அடங்கிய எம் பகுதி வானம் பார்த்த பூமி. கரிசல் நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்து, மழை பொய்த்த காலத்து வேறு தொழில் நாடியவர் எம் முன்னோர். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். 1923இல் சிவகாசியில் அத்தொழில் தொடங்கிற்று. பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அதனோடு தழைத்தன. அதே 1923ஆம் ஆண்டில் விருதுபட்டி என்னும் பெயரும் விருதுநகர் என மாறிற்று. இங்ஙனம் வெடியும் மையும் எம்மவர்க்குச் சோறாயின.

உழைப்பு மிகுந்த இடத்தில் விழாவும் மிகும். பங்குனியில் விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் பொங்கல். ஆடியில் திருவில்லிபுத்தூர்த் தேரும் இருக்கன்குடித் திருவிழாவும். மார்கழியில் திருச்சபைகளின் கிறிஸ்து பிறப்புப் பவனி. இவற்றினிடையே எண்ணற்ற மணவிழாக்கள். நாதசுரமும் தவிலும், நையாண்டி மேளமும், பறையும் முழங்கும் இவ்விழாக்களில் பாண்டு வாத்தியமும் தனக்கென ஓரிடம் பெற்றுள்ளது. பொன்னிழை தைத்த சட்டையும் தலையிற் குல்லாயும் அணிந்து பத்துப் பன்னிருவர் இரு நிரையாய் வருவர். முன் நிற்பார் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஏந்துவர். அவர் பின்னர்ச் சாக்ஸபோனும் டிரம்போனும் யூபோனியமும் தொடரும். கடைநிரையிற் சிறு முரசும் பெருமுரசும் கைத்தாளமும் ஒலிக்கும்.

இவரை அமர்த்தும் முறை யாவரும் அறிந்ததே. மணநாள் குறித்தவுடன் பெண்வீட்டாரோ பிள்ளைவீட்டாரோ குழுத்தலைவரைக் கண்டு அச்சாரம் கொடுப்பர். ஆட்கள் எத்தனை பேர், பெண்ணழைப்பிற்கு மட்டுமா மணம் முடியுங்காறுமா, வண்டிச் சத்தம் எவருடையது என்று பேசி முடிப்பர். தை, வைகாசி, ஆவணித் திங்கள்களின் நல்ல நாட்களில் ஒரே வேளையில் மூவிடத்து அழைப்பு வரும். ஆடியிலும் மார்கழியிலும் திருவிழா அழைப்பு ஏதேனும் வந்தாலன்றி வாத்தியம் உறையினுள் உறங்கும். கிறிஸ்தவ இல்லங்களிலோ லெந்து காலத்தில் மணம் நிகழ்வதில்லை. ஆதலின் சில திங்களின் ஊதியமே ஆண்டு முழுதிற்கும் உணவாதல் வேண்டும்.

இத்தொழிலாளரைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள கருத்து யாது? “பாண்டு வைத்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் வீட்டிற்குப் பெருமை” என்பர். அதற்கு மேல் ஒரு சொல் கேட்பது அரிது. எந்த இராகம் வாசித்தார், எந்தப் பாட்டை எவ்வளவு நயமாக வாசித்தார் என்று வினவுவார் இலர். பந்தற்காலையும் வாழைமரத்தையும் போல இவரும் வாடகைக்கு வந்த ஒரு பொருள் என்பதே பலர் எண்ணம். கூலிக்கு வருவது கலையாகாது என்பது இதன் உட்பொருள். இக்கருத்து தமிழ் மரபிற்கும் உலக வரலாற்றிற்கும் ஒருசேர முரண்பட்டது என்பதை இனிக் காட்டுவல்.

நம் பழம் புலவர் எவரும் பரிசில் பெறுதலை இழிவாகக் கருதியதில்லை. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை கூத்தரும் பாணரும் பொருநரும் பிழைப்புத் தேடி வழி நடந்த வரலாறுகளே. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகால் வளவன் தன்பால் வந்த பொருநனுக்குப் புத்தாடை அளித்து, பன்னாள் விருந்தூட்டி, வெண்குதிரை நான்கு பூட்டிய தேரும் நல்கினான். அவன் விடைபெறுங்கால் ஏழடி பின் நடந்து சென்று வழிவிட்டான். சோழப் பேரரசன் ஒருவன் கிணைப்பறை கொட்டுவானின் பின்னே கால்நடையாய்ச் சென்றான் என்பதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கின்றோம். நம் தெருவிற் பறை கொட்டுவானைக் கண்டால் ஏழடி விலகிச் செல்கின்றோம்.

இன்னும் காண்க. முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரை வாளால் வெட்டாது கவரியால் வீசி நின்றான் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. அது புறநானூற்றுச் செய்தி. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரினும் சிறந்த குடியில்லை என்று அந்நூலுள்ளேயே கூறினார் மாங்குடி கிழார். ஓர் இல்லத்தில் சாப்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒரே பொழுதில் ஒலிக்கும் உலகியலை எண்ணி வருந்தினார் பக்குடுக்கை நன்கணியார். அவர் பாடிய உலகியல் இன்றும் மாறவில்லை. காலையில் மணவீட்டில் வாசித்த கிளாரினெட்டுக்காரரே மாலையில் பிணவீட்டிற்கும் அழைக்கப்படுகின்றார். நம் வாழ்வின் இரு கரைகளிலும் உடன் நிற்பவர் அவரே.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியனோடு தண்ணுமை ஆசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் யாழாசிரியனுக்கும் இலக்கணம் வகுத்தார். பிற கருவிகளின் குறையை நிரப்பவும் அவற்றின் மிகையை அடக்கவும் வல்லவனே தண்ணுமை வல்லான் என்பது அவர் கருத்து. அரசகுடியிற் பிறந்த துறவி ஒருவர் முழவு கொட்டுவானின் கைத்திறத்தை இத்துணை நுணுகி நோக்கினார். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் பாண்டுக் குழுவிலும் இவ்விலக்கணம் பொருந்தும். பெருமுரசு கொட்டுவான் கை மிஞ்சினால் கிளாரினெட்டு மறைந்துபோம். கை தளர்ந்தால் நடை குலைந்துபோம். கேட்பார்க்கு இது விளங்குவதில்லை, கேட்பதில்லையாதலின்.

“பாணரும் பொருநரும் நம்மவர், பாண்டோ அந்நியர் கொணர்ந்தது” என்று சிலர் தடை கூறலாம். வெள்ளையர் படையோடு வந்த கருவிகள் இவை என்பது மெய்யே. ஆயினும் வந்த கருவிகளை வரவேற்றுத் தமதாக்கிக் கொண்டோர் நம் இசைவாணரல்லரோ? தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் ஐரோப்பிய முறைப் பாண்டுக் குழு ஒன்றைத் தம் அரண்மனையில் வைத்திருந்தார். கருநாடக சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர், சென்னைக் கோட்டைப் பாண்டுக்காரர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியிற் பாடல் இயற்றினார். அவை நோட்டுசுர சாகித்தியம் எனப் பெயர் பெற்றன. பிடிலைத் தமிழர் இசைக்கருவியன்று என்று இன்று கூறுவார் உண்டோ? கிளாரினெட்டில் கருநாடக இராகங்களை முழுமையாய் வாசித்துக் காட்டினார் திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராசன், அவரைக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பாராட்டியவர் நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் (1949–2019) அதனைக் கச்சேரி மேடைக்கே கொணர்ந்தார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தின் வாயிலாக அவ்வொலி தமிழகமெங்கும் பரவிற்று. ஆகவே கருவி எந்நாட்டது என்பது வினாவன்று. அதனை வாசிப்பவனுக்கு இடமளித்தோமா என்பதே வினா.

இனி உலக வரலாற்றிற்கு வருவோம். சென்ற நூற்றாண்டில் பிறந்த இசைவகைகளுள் உலகெங்கும் பரவியது ஜாஸ். இன்று அது பெருமண்டபங்களில் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கப்படுகின்றது. பல்கலைக்கழகங்களிற் பாடமாய் உள்ளது. அது பிறந்த இடமோ அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் தெரு. பிறப்பித்தவர் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களும் அவர் வழிவந்தோரும். அவர் கையில் இருந்த கருவிகள் யாவை? கார்னெட்டு, கிளாரினெட்டு, டிரம்போன், சிறு முரசு, பெருமுரசு. நம் மணவீட்டு வாயிலில் நிற்கும் கருவிகளுக்கு அவை உடன்பிறப்பு. அவர் வாசித்தது எதற்கு? ஊர்வலத்திற்கும் நடனத்திற்கும் இழவிற்கும் கூலி பெற்று வாசித்தார். பகலில் அவருட் சிலர் சுருட்டுச் சுற்றினர். சிலர் சுவர் பூசினர். சிலர் தகர வேலை செய்தனர். மாலையில் வாத்தியம் ஏந்தினர்.

அந்நகரத்துச் சவ ஊர்வலம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல்லறை செல்லுங்காறும் பாண்டுக் குழுவினர் மெல்ல நடந்து துயர்ப்பண் வாசிப்பர். உடலை மண்ணில் வைத்துத் திரும்புங்கால் பண் மாறும், நடை விரையும், துயரம் துள்ளலாகும். இறந்தவன் இளைப்பாறப் போனான், இருப்பவன் வாழவேண்டும் என்பது அதன் பொருள். குழுவின் பின்னே ஊர் மக்கள் ஆடிப்பாடித் தொடர்வர். அவரை ‘இரண்டாம் நிரை’ என்று அந்நகரத்தார் அழைப்பர். ஏழைகள் சிறிது சிறிதாய்ச் சங்கங்களிற் பணம் கட்டி வந்தனர். உறுப்பினன் இறந்தால் பாண்டு வைத்து அடக்கம் செய்வது அச்சங்கங்களின் கடமையாயிருந்தது. இவ்வாறு கூலி உறுதியாயிற்று. கேட்போர் கூட்டமும் உறுதியாயிற்று. வண்டியேறி நடனத்திற்கு விளம்பரம் வாசித்துச் செல்லும் இரு குழுக்கள் தெருமுனையிற் சந்தித்தால் போட்டி மூளும். வென்றவர் எவர் என்று தெருவார் தீர்ப்பளிப்பர். கேட்கத் தெரிந்த தெரு இருந்தமையால் வாசிக்கத் தெரிந்த மேதைகள் தோன்றினர்.

அம்மேதைகளுள் தலைசிறந்தவர் லூயி ஆர்ம்ஸ்டிராங். 1901இல் வறிய குடியிற் பிறந்தவர். 1912ஆம் ஆண்டின் கடைநாளிரவு, புத்தாண்டுக் களிப்பில் துப்பாக்கி ஒன்றை வானோக்கிச் சுட்டார். அப்பொழுது அவருக்கு வயது பதினொன்று. காவலர் பிடித்துச் சிறார் சீர்திருத்த இல்லத்தில் அடைத்தனர். அவ்வில்லத்திலோ ஒரு பாண்டுக் குழு இருந்தது. சிறுவன் கையில் கார்னெட்டு கொடுத்தனர். நாளடைவில் அக்குழுவிற்கே அவன் தலைவனானான். 1922இல் சிகாகோ நகரத்திற்கு ஜோ ஆலிவர் என்னும் தம் ஆசானால் அழைக்கப்பெற்றார். 1923இல் அக்குழுவினரின் இசைத்தட்டுகள் பதிவாயின. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய ஆண்டும் அதுவே.

வெடியோசை எழுப்பிய சிறுவன் கையில் ஓர் இசைக்கருவியை வைத்ததனால் உலகிற்கு ஒரு புதிய இசை கிடைத்தது. இதனைப் படிக்கும்பொழுதெல்லாம் எம் பகுதிச் சிறுவர் நினைவுக்கு வருகின்றனர். வெடிக்கு எம்மிடம் பஞ்சமில்லை. கார்னெட்டு கொடுக்கும் கைகளே இல்லை.

இசையைக் கற்பித்தால் என்ன விளையும் என்பதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டுவதில்லை. கோவா நாட்டுத் திருச்சபைப் பள்ளிகளில் பிள்ளைகட்கு ஐரோப்பிய இசைக்குறியீடு கற்பிப்பது நெடுங்கால வழக்கம். வழிபாட்டிற்காகக் கற்ற அக்கல்வி பிற்காலத்துப் பிழைப்பாயிற்று. 1930களில் பம்பாய்த் தாஜ்மஹால் ஓட்டலில் லியான் ஆபி, டெடி வெதர்போர்டு முதலிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜாஸ் வாசித்த காலத்து, அவ்விசையை விரைந்து கற்றுக்கொண்டவர் குறியீடு அறிந்த கோவா இளைஞரே. சிக் சாக்லேட் என்று புகழ்பெற்ற டிரம்பெட்டுக் கலைஞர் அவருள் ஒருவர். அவ்விளைஞர் பின்னர் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களை நிரப்பினர். 1958இல் டேவ் புருபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனும் தத்தம் குழுவினரோடு இந்தியாவிற்கு வந்து வாசித்தபொழுது அவரைக் கேட்டு மகிழ ஈண்டு ஒரு கூட்டம் இருந்ததென்றால், அதற்கு அடிகோலியவருள் அக்கூலிக் கலைஞரும் அடங்குவர். ஒரு சிறு நாட்டுப் பள்ளிகள் செய்த பணி இது. நம் பள்ளிகளும் கல்லூரிகளும் இது காறும் இத்துறையில் என் செய்தன என்று கேட்டுக்கொள்ளுதல் தகும்.

இனி எம் பகுதியின் நிலையை உள்ளவாறு கூறுவல். எம்மவர் ஊர்வலத்தில் பாண்டு ஒரு பாட்டை எடுத்துப் பல்லவி முடித்துச் சரணத்திற்கு ஏறும் வேளையில் வெடி வைப்பர். வாசிப்போர் நிறுத்திவிட்டுச் செவியைப் பொத்தி ஒதுங்குவர். புகை அடங்கியபின் மீண்டும் பல்லவியினின்று தொடங்குவர். இரு தெரு கடப்பதற்குள் இது நான்கு முறை நிகழும். அப்பாட்டின் சரணத்தை இவ்வூரார் இதுவரை கேட்டிரார் என்றே சொல்லலாம். மண்டபம் அடைந்தால் ஒலிபெருக்கி தன் ஆட்சியைத் தொடங்கும். பன்னிருவர் மூச்சும் ஒரு பெட்டியின் முன் தோற்றுப்போம்.

வெடித்தொழிலைப் பழிப்பது என் கருத்தன்று. அத்தொழிலில் எம் உறவினரும் அயலாரும் உளர். அவர் உழைப்பாற் படித்தவர் இக்கல்லூரியிலும் உளர். 2018இல் உச்சநீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபொழுது எத்தனை அடுப்புகளின் கவலை பெருகிற்று என்பதையும் அறிவேன். ஆயினும் வெடியோசையின் மறுபக்கத்தை எம்மினும் அறிந்தவர் எவர்? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 உயிர் மாண்டன. களிப்பிற்கென்று செய்யும் ஓசை துயரோசையாவதைக் கண்ட மண் இது. ஓசைக்கும் இசைக்கும் உள்ள வேற்றுமையை உணர வேண்டியவர் நாமே. ஓசை செவியை அடைத்து மற்றவர் குரலைப் போக்கும். இசை செவியைத் திறந்து மற்றவர் குரலுக்கு வழிவிடும். விழாவில் இரண்டிற்கும் இடம் உண்டு; ஒன்றை ஒன்று விழுங்க விடுதல் அறிவுடைமையன்று.

வெடியும் ஒலிபெருக்கியும் செய்வது செவிக்குற்றம். இதனினும் பெரிது மனக்குற்றம். சில ஆண்டுகட்கு முன் ஓர் ஊரில் திருச்சபை அசன விருந்து நிகழ்ந்தது. அசனம் என்பது யாவரும் ஒரே பந்தியில் தரையில் அமர்ந்து ஒரே சோறு உண்பது. செல்வரும் வறியரும் ஆண்டவர் முன்னிலையில் ஒன்று என்பதே அதன் பொருள். காலை முதல் பாண்டுக் குழுவினர் பவனியை முன்னின்று நடத்தினர். பந்தி தொடங்கியபின் அவர் வேப்பமர நிழலில் வாத்தியங்களை மடிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். முதற்பந்தி முடிந்தது, இரண்டாம் பந்தி முடிந்தது, மூன்றாம் பந்தியும் முடிந்தது. பின்னர் அவர்க்கென்று மரத்தடிக்கே சோறு கொண்டு செல்லப்பட்டது, குழம்பு தீர்ந்திருந்தது. “அவர்கள் வழக்கமாய் அங்கேதான் சாப்பிடுவார்கள்” என்றார் பரிமாறியவர். அவர் கொடியவரல்லர், என்னையும் இரண்டாம் முறை சோறிட்டு உபசரித்தவர். வழக்கம் என்னும் சொல் நல்லவரையும் கண்மூடச் செய்கின்றது என்பதே இங்கு அறியத்தக்கது.

அவ்வழக்கத்தின் பெயரை மறைத்தலால் பயனில்லை. அது சாதி. தோற்கருவி தொட்டவன் தாழ்ந்தவன் என்னும் பழைய பொய், பித்தளைக் கருவி தொட்டவனையும் இன்று தொடர்ந்து வருகின்றது. கைம்மாற்றியது கருவி மட்டுமே; கண்ணோட்டம் மாறவில்லை. இதனை எம் பகுதியார் பொறுத்திருத்தல் மிகவும் வியப்பிற்குரியது. 1899இல் சிவகாசியில் மூண்ட பெருங்கலகம் எதனால் எழுந்தது? கோயிலுள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் அதனைக் கேட்டதனால் எழுந்தது. வாயிலில் நிறுத்தப்படுதல் இன்னது என்பதை எம் கொள்ளுப்பாட்டனார் தம் உடம்பால் அறிந்தவர். அவர் வழிவந்த நாம் நம் பந்தல் வாயிலிற் பிறரை நிறுத்தலாமோ? 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு யாவர்க்கும் திறந்தது. கோயிற்கதவு திறந்து எண்பது ஆண்டுகள் கடந்தும் சோற்றுப் பந்தி திறவாதிருத்தல் அறமன்று.

நம்முள் சிலர் கூறும் தடைகட்கும் விடை கூறுதல் முறை. “இவர் சுருதி சேராது வாசிக்கின்றனர்” என்பது ஒரு தடை. சில வேளை அது மெய்யே. வெயிலிற் காய்ந்த கருவி சுருதி ஏறும், விடியற்குளிரில் இறங்கும், நடந்துகொண்டே வாசிப்பவன் நின்று சுருதி கூட்ட நேரம் எங்கே? பழுது பார்க்கப் பணம் எங்கே? ஆசிரியன் எங்கே? கற்பிக்காதவர் கல்லாமையைப் பழித்தல் நேர்மையன்று. “சினிமாப் பாட்டன்றி வேறு அறியார்” என்பது மற்றொரு தடை. கேட்பதைத்தானே வாசிப்பர்? கேதாரமோ கல்யாணியோ வேண்டுமென்று எந்த மணவீட்டார் கேட்டனர்? “குடித்துவிட்டு வருகின்றனர்” என்பது மூன்றாவது. குடியை நானும் வெறுப்பவனே. ஆயினும் குடித்த விருந்தினனை நாற்காலியில் அமர்த்துகின்றோம்; குடியாத பாண்டுக்காரனையும் மரத்தடியில் அமர்த்துகின்றோம். ஆதலின் இத்தடை காரணமன்று, சாக்கே.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்கு நம் நாட்டிற் சான்றுகள் உள. நாதசுரக்காரர் நின்றுகொண்டே வாசித்த காலம் ஒன்றிருந்தது. மேடையில் அமர்ந்து வாசிப்பேன், வாய்ப்பாட்டுக்காரர்க்குரிய மதிப்பு எனக்கும் வேண்டும் என்று நிமிர்ந்து நின்றார் ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் மாணாக்கராகிய காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) எமக்கு அண்மையிலுள்ள கோவிற்பட்டியில் வாழ்ந்து, நாதசுரத்தின் புகழை 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ வழியாக நாடறியச் செய்தார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் 1859இற் பிறந்த கிறிஸ்தவராகிய ஆபிரகாம் பண்டிதர், மருத்துவத் தொழிலால் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912 முதல் தஞ்சையில் இசைவாணர் மாநாடுகள் கூட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு கலைஞனின் தன்மதிப்பும் ஒரு புரவலனின் பெருந்தன்மையும் சேர்ந்தால் வழக்கம் என்னும் மலையும் நகரும்.

நாம் செய்யக்கூடியவை யாவை? நான்கு கூறுவல், நான்கும் எளியவை.

முதலாவது, கூலி. அச்சாரத்தின்போது பேசிய தொகையை வாசித்து முடிந்தவுடன் குறையாது கொடுத்தல். “நாளை வா” என்று சொல்லி அலைய விடுதல் நம் வீடுகளில் வழக்கமாயுள்ளது. கூலிக்காரனின் கூலி விடியுங்காறும் உன்னிடம் தங்கலாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். மணமேடையில் மறைநூல் வாசித்துவிட்டு மண்டப வாயிலில் அதனை மறத்தல் கிறிஸ்தவர்க்கு அழகன்று.

இரண்டாவது, பந்தி. வாசித்தவர்க்கு முதற்பந்தியில் இடம். அது முடியாதெனின் எப்பந்தியிலேனும் எல்லாரோடும் ஒரே நிரையில் இடம்.

மூன்றாவது, செவி. விழாவில் அரைமணிப் பொழுதேனும் வெடியும் ஒலிபெருக்கியும் ஓய்ந்திருக்க, பாண்டுக் குழுவினர் அமர்ந்து தாம் விரும்பியதை வாசிக்க விடுதல். அவர் விரும்பி வாசிப்பது எது என்பதை நம்முள் ஒருவரும் அறியோம். அதனை அறிதலே ஒரு புது விருந்தாகும்.

நான்காவது, கல்வி. இது நம் கல்லூரிக்குரியது. வழிபாட்டு ஆலயத்தில் ஆர்கனும் பாடகர் குழுவும் வைத்து இசைக்குறியீடு அறிந்த ஆசிரியரைப் பெற்றுள்ளோம். வாரத்தில் ஒரு மாலை, சுற்றுவட்டத்துப் பாண்டுக் குழுக்களின் இளைஞர்க்கு அவ்வகுப்பைத் திறந்துவிடுதல் இயலாததொன்றன்று. அவரிடமிருந்து நாம் கற்பதும் உண்டு. காதாற் கேட்ட பாட்டை ஒரே இரவிற் பன்னிரு கருவிக்கும் பங்கிட்டு வாசிக்கும் வித்தை நம் வகுப்பறைகளில் இல்லை. கல்லூரி நாள் விழாவில் வாயிலில் நின்று வரவேற்க மட்டும் அவரை அழையாமல், மேடையேறி வாசிக்க அழைத்தல் வேண்டும்.

இவற்றோடு ஒரு சிறு வேண்டுகோள். நம் நாட்டு மண அழைப்பிதழ்களிற் பல சிவகாசியில் அச்சாகின்றன. அவற்றில் தாத்தா முதல் பேரன் வரை பெயர்கள் நிறைந்திருக்கும். வாழ்த்துரைப்போர் பெயரும் வரவேற்போர் பெயரும் பட்டம் பதவிகளோடு மின்னும். இசைப்போரைப் பற்றி ஒரு வரி இருப்பின் அது “பாண்டு வாத்தியம் உண்டு” என்ற அளவே. “விருந்து உண்டு” என்பதுபோல. அவ்வரியில் குழுத்தலைவரின் பெயரை அச்சிடுவோம். அச்சுக்கூலி ஒரு காசும் ஏறாது. பெயர் அச்சிட்டவரை மரத்தடியில் அமர்த்த எவர்க்கும் மனம் வராது. பெயர் அச்சானவரும் அன்று சுருதி தவற ஒருப்படார்.

விருது என்னும் சொல் வெற்றிச் சின்னத்தையும் புகழ்ப்பெயரையும் குறிக்கும். அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் எம் ஊர். பிறர்க்கு விருது வழங்குவதில் அது பிற்படலாகாது. அடுத்த தைத்திங்களில் மணம் பேசும் இல்லத்தார் இதனைத் தொடங்குக. தமிழ் கற்ற மாணவராகிய நாம் அவ்விருந்திற்குச் சென்றால், கரிகாலன் நடந்த ஏழடியில் ஓரடியேனும் நடந்து, வாசித்து முடித்தவரை வாயில் வரை வழியனுப்பி வருவோமாக.